எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள் பாடினார்

மதுரையிலிருந்து தென்காசிக்கு ரயிலில் நூற்றிரண்டு மைல். ஒரே ஒரு பாட்டைக் கேட்பதற்காக அவ்வளவு தூரம் போனேன் என்று சொன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கேட்டதை அவர்கள் கேட்கவில்லை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பெரிய டாக்டர் வீட்டில் ஒரு கிராமபோன் இருக்கிறது. அவர் மனைவிக்குப் பிரசவமான பிறகு பத்து நாள் நான்தான் கூட இருந்து கவனித்தேன். அங்கே ஒரு ரிக்கார்டு. ஒரு பக்கம் முருகன் பாட்டு. அதை எல்லோரும் போடுவார்கள். மறுபக்கத்தை யாரும் போடுவதில்லை. ஒரு மத்தியானம் நான் போட்டுப் பார்த்தேன். கடையம் பேச்சியம்மாள் என்ற நாடகக்காரி பாடியிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற ஒருத்தி, எதிர் மலைச்சரிவில் நிற்கிற இன்னொருத்தியைக் கூப்பிடுகிற பாட்டு. மூன்று நிமிஷம். எனக்குக் கை ஓடவில்லை. குழந்தை அழுததுகூடக் காதில் விழவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் ஊசி தேய்ந்துபோனது.

போன மாதம் தென்காசியிலிருந்து வந்த ஒரு நோயாளி, வெற்றிலை மடித்து வைத்திருந்த நோட்டீசைப் பிரித்தாள். ‘கடையம் பேச்சியம்மாள் தோன்றிப் பாடுகிறார், தென்காசி, ஆனி மாதக் கடைசி சனிக்கிழமை’ என்று சிவப்பு மையில் அச்சடித்திருந்தது. அன்றைக்கே நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். என்னோடு வேலை பார்க்கும் ரோசம்மாள் பாளையங்கோட்டைக்காரி. அவளுக்குப் பாட்டில் ஆசை கிடையாது. அருவிக்காக வருகிறேன் என்றாள். “நீ பாட்டைக் கேளு ஏட்டி, நான் தண்ணியில நிக்கேன்” என்பதுதான் எங்கள் ஒப்பந்தம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு வண்டி. மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு இரண்டு ரூபாய் இரண்டணா. தனியாகப் போகும் பெண்கள் தயங்க வேண்டாம், பெண்கள் பெட்டி இருக்கிறது. ஆனால் விருதுநகரில் கூட்டம் ஏறும், அதற்கு முன்பே ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுங்கள். மேற்குப் பக்கத்து ஜன்னலாக இருக்கட்டும். ராஜபாளையம் தாண்டியதும் மலை கூடவே ஓடிவரும். சங்கரன்கோவில் வரைக்கும் வெயில் கொளுத்தியது. கடையநல்லூருக்கு வந்தபோது ஜன்னல் வழியாக ஒரு ஈரக் காற்று அடித்தது பாருங்கள், பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். “சாரல்! சாரல்!” என்று ஒரு ஆச்சி கையை வெளியே நீட்டினாள். நானும் நீட்டினேன்.

தென்காசியில் இறங்கும்போது மணி ஒன்று ஐம்பது. ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்காக்கள் வரிசையாக நிற்கும். குற்றாலத்துக்கு மூன்றரை மைல். எட்டணா கேட்பார்கள், ஆறணாவுக்கு வருவார்கள். எங்களுக்குக் கிடைத்த வண்டிக்காரர் பெயர் மைதீன். ஐம்பது வயசு இருக்கும். குதிரையோடு பேசிக்கொண்டே ஓட்டுகிறவர். நாளைக்கு ராத்திரி பாட்டு எந்தக் கொட்டகையில் என்று ஏறும்போதே கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “பாட்டு இல்லம்மா. நேத்தே தடை உத்தரவு போட்டுட்டாவ. இந்தத் தாலுகாவுல எங்கனயும் பேச்சியம்மா வாயத் திறக்கப்படாதாம்.”

எனக்கு வண்டியிலிருந்து இறங்கி அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம் போலிருந்தது. ரோசம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாட்டுக்கு எதுக்கு அண்ணாச்சி தடை?” என்று அவள்தான் கேட்டாள்.

குற்றாலம் போய்ச் சேர நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் மைதீன் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு பேச்சியம்மாளின் வாயாலேயே கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பேச்சியம்மாள் கடையத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். வயல் கூலிக்காரக் குடும்பம். மழை பொய்த்த ஒரு வருஷம், அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஒரு கங்காணி வந்து குடும்பத்தோடு மலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். கங்காணி என்றால் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்து, அங்கே அவர்களை மேய்க்கிறவன். மேலே போன முதல் மழைக்காலத்திலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். கொழுந்து எடுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவளோடு பேசினால் பிரம்பு. பாடினால் ஒன்றும் சொல்வதில்லை, கை வேகமாக ஓடும் என்று விட்டுவிடுவார்கள். ஆகவே அங்கே பெண்கள் பேச வேண்டியதையெல்லாம் பாடினார்கள். யாருக்குப் பிரசவ வலி, யார் வீட்டில் அரிசி இல்லை, எவன் குடித்துவிட்டு அடித்தான், எல்லாம் பாட்டுத்தான். எதிர் மலையில் இருக்கிறவளுக்கு எட்ட வேண்டுமென்றால் பள்ளத்தைத் தாண்டிக் குரல் போக வேண்டும். பேச்சியம்மாளின் தொண்டை அங்கே தயாரானது.

பதினாறு வயதில் தனியாக நடந்தே இறங்கி, ஆரியங்காவு கணவாய் வழியாகப் புளியறைக்கு வந்து சேர்ந்தார். தென்காசியில் ஒரு நெல் மில்லில் வேலை. எஞ்சின் ஓடும்போது அங்கே யார் பேசினாலும் கேட்காது. தெருவில் போன ஒரு நாடகக் காண்டிராக்டர், எஞ்சின் சத்தத்துக்கு மேலே ஒரு பெண் குரல் வருகிறதே என்று மில்லுக்குள் நுழைந்தார். அப்புறம் பன்னிரண்டு வருஷம் மேடைதான். கொழும்பு, ரங்கூன், பினாங்கு வரைக்கும் போய்வந்தார். ஒரு கல்யாணம் செய்துகொண்டார். மேடையில் சாமி பாட்டு மட்டும் பாடு, மலைப்பாட்டு கேவலம் என்றார் கணவர். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார், பிறகு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். குடிப்பழக்கம் இரண்டு வருஷம் பிடித்தாட்டியது, அதையும் விட்டார். பேசும் படத்துக்குக் கூப்பிட்டார்கள். உடம்பு பெருத்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். ஜனங்கள் திருப்பி அனுப்பவில்லை. எந்த நாடகமானாலும் நடுவில் “மலைப்பாட்டு! மலைப்பாட்டு!” என்று கத்துவார்கள்.

இந்த வருஷம் வைகாசியில் கடையத்தில் பாடினார். மறுநாள் காலை ஒரு கங்காணி மலைக்குக் கூட்டிப்போக இருந்த நாற்பது பேரில் ஒன்பது பேர்தான் வந்து நின்றார்களாம். கங்காணி சும்மா இருப்பானா? அமைதி கெடுகிறது என்று மனு எழுதினான். யாரோ ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

குற்றாலத்தில் மேலத்தெருப் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்தோம். சீசனில் நாளுக்கு ஒரு ரூபாய், வெந்நீர் கிடையாது, கேட்டால் சிரிப்பார்கள். சனிக்கிழமை முழுக்கத் தண்ணீரில் நின்றோம். பேரருவியில் பெண்கள் நிற்கும் பக்கம் காலை ஆறு மணிக்குக் காலியாக இருக்கும், எட்டு மணிக்கு மேல் இடிபட வேண்டும். முதல் தடவை தலையைக் கொடுக்கும்போது யாரோ நாலு பேர் சேர்ந்து முதுகில் குத்துகிற மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள். இரண்டு நிமிஷத்தில் உடம்பு பழகி, வெளியே வர மனசு வராது. ரோசம்மாளை நான் மூன்று தடவை இழுத்துக்கொண்டு வந்தேன். இருந்தாலும் சாப்பிடும்போதும் தலை துவட்டும்போதும் எனக்கு அந்தத் தடை உத்தரவு நினைப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி. வாசலில் ஜட்கா வந்து நின்றது. மைதீன் இறங்கக்கூட இல்லை.

“நர்ஸம்மா, வாங்க, வாங்க! பேச்சியம்மா பாடப் போறா!”

“எங்கே?”

“எல்லைக்கு அந்தப் பக்கம்! செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராசா சீமையில்லா? இங்க போட்ட உத்தரவு அங்க எப்படிச் செல்லும்?”

நான் ஈரத் தலையை அப்படியே முடிந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அருவிக்குப் போகலாம் என்றிருந்த ரோசம்மாளும் ஏறிக்கொண்டாள். இலஞ்சி வழியாக எல்லைக்கு நாலு மைல். போகவர பன்னிரண்டணா பேசினேன். வழியெல்லாம் ஜனங்கள். சைக்கிளில், மாட்டு வண்டியில், நடந்து. தறி நெய்கிறவர்கள், கடைக்காரர்கள், சேலையை இழுத்துச் செருகிய வயல் பெண்கள், தலையில் துணி போட்ட முஸ்லிம் பெண்கள் எல்லாரும் ஒரே திசையில் போனார்கள்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரோட்டை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அகலம் நாற்பதடி இருக்கும், சீசனானதால் நிறையத் தண்ணீர். அக்கரையில் ஒரு எல்லைக்கல். அதற்கு அந்தப் பக்கம் மகாராஜா ராஜ்யம். கொஞ்ச தூரத்தில் பாலமும், சரக்கு வண்டிகளை நிறுத்திப் பார்க்கிற சவுக்கையும் இருக்கின்றன. நாங்கள் போய்ச் சேரும்போது மூன்று மணி. இக்கரையில் ஐந்நூறு பேராவது உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் உத்தரவுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலாத்தினார்.

அக்கரை வரப்பில், எல்லைக்கல்லைத் தாண்டிப் பேச்சியம்மாள் நின்றார். உயரமான, கனத்த உடம்பு. கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையை முழங்காலுக்குக் கீழே தூக்கிச் செருகியிருந்தார், வரப்புச் சேறு பட்டுவிடாமல். பக்கத்தில் ஆர்மோனியக்காரர் ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். மைக் இல்லை, மேடை இல்லை, குடைகூட இல்லை. சாரல் தூவிக்கொண்டிருந்தது.

ஏன் பாடாமல் நிற்கிறார் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். மைதீன் ரோட்டைக் காட்டினார். தென்காசிப் பக்கமிருந்து ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. ஆணும் பெண்ணுமாக முப்பது பேர், தலையில் மூட்டை. ரயிலில் போனால் செலவு என்று, மனு எழுதிய அந்தக் கங்காணி அவர்களைப் புளியறை வரைக்கும் நடத்தியே கூட்டிப் போகிறானாம். முன்னால் அரிசியும் கம்பளியும் ஏற்றிய லாரி ஒன்று மெதுவாக ஊர்ந்தது. அதில் டிரைவர் பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு கங்காணி. மலைக்குப் போகிற ரோடு இது ஒன்றுதான். பேச்சியம்மாள் காத்திருந்தது எங்களுக்காக இல்லை.

லாரி வாய்க்காலுக்கு நேராக வந்தது. பேச்சியம்மாள் இடது கையைக் காதில் வைத்தார்.

‘மலையேறிப் போறவளே, மடியில என்ன கொண்டுபோற?’

அம்மாடி! நான் கேட்ட ரிக்கார்டில் இருந்தது அந்தக் குரலின் நிழல்கூட இல்லை. மேற்கிலிருந்து காற்று எங்களைப் பார்த்துத்தான் அடித்தது. அந்தக் காற்றோடு குரல் வாய்க்காலைத் தாண்டி வந்து நெஞ்சில் மோதியது. வரிசை நின்றுவிட்டது. கங்காணி கையை நீட்டி ஹாரனை அமுக்கச் சொன்னான். பந்து மாதிரி ரப்பர் ஹாரன். டிரைவர் அமுக்கினான். பாம், பாம், பாம் என்று விடாமல் அமுக்கினான். பேச்சியம்மாள் நிறுத்தவில்லை. ‘போறவளே’ என்ற இடத்தில் குரலை ஏற்றி அங்கேயே நின்றார். ஹாரன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். யார் முதலில் ஓய்வார்கள்?

“கை வலிக்கி அண்ணாச்சி, நீங்க அமுக்குதீயளா?” என்றான் டிரைவர்.

ஐந்நூறு பேரும் சிரித்த சிரிப்பில் கங்காணி இறங்கிக் கான்ஸ்டபிளிடம் போனான். கான்ஸ்டபிள் காகிதத்தைப் படித்தார், எல்லைக்கல்லைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் படித்தார்.

“தாலுகாவுக்குள்ள பாடக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு. அவ அங்கன நிக்கா. நா என்ன செய்ய?”

பேச்சியம்மாள் அடுத்த அடிக்குப் போயிருந்தார்.

‘உப்புக் கொண்டு போ தாயி, அட்டை கடிக்கும் காலுக்கு;
ஊரு பேரு நெஞ்சில வை, ஓலை வராது நாளைக்கு.
கம்பளியைக் கேட்டு வாங்கு, மாரி வந்து கொட்டுமுன்ன;
கொயினாவக் கேட்டு நில்லு, காய்ச்சல் வந்து முட்டுமுன்ன.’

போகாதே, போகாதே என்று அழுகிற பாட்டாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மலைக்குப் போகிறவளுக்கு என்ன வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எங்கே ஏமாறுவாள் என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி அடியில் தன் அம்மாவைப் புதைத்த மேட்டின் அடையாளத்தைச் சொல்லி, அங்கே போகிறவர்கள் ஒரு பூ போடுங்கள் என்றார். அப்போது மட்டும் குரல் ஒரு தடவை தாழ்ந்தது. பக்கத்தில் ரோசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் வரிசையிலிருந்து ஒரு பெண் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வாய்க்கால் விளிம்புக்கு வந்தாள். இருபது வயது இருக்கும்.

“யக்கா! நா மாடத்தி! எங்க அக்கா செல்லம்மா ரெண்டு வருசமா மேல இருக்கா! எந்தத் தோட்டம்னு தெரியல! எப்படித் தேட?”

“கொழுந்து எடுக்கப் போறப்ப அவ பேரச் சொல்லிப் பாடு!” அக்கரையிலிருந்து பதில் வந்தது. “பேசினாத்தான் அடிப்பானுவ! ஒரு மலையில கேக்காட்டா அடுத்த மலையில யாராச்சும் வாங்கிப் பாடுவா! எங்க, இப்பப் பாடு!”

“இங்கயா?”

“இங்கதான்! பாடுட்டி!”

மாடத்தி பாடினாள். பாவம், குரல் பாதி வாய்க்காலுக்குப் போயிருக்காது. காற்று வேறு எதிர்த்து அடித்தது. பேச்சியம்மாள் காதில் கை வைத்து, “கேக்கல!” என்றார். மறுபடி பாடினாள். “கேக்கல! தொண்டையில பாடாத, வயித்துல பாடு!” மூன்றாவது தடவை மாடத்தி கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, “செல்லம்மா!” என்று எடுத்தாள் பாருங்கள், குரல் வாய்க்காலைத் தாண்டிப் போனது. அக்கரையிலிருந்து அதே ராகத்தில் “செல்லம்மா!” என்று பேச்சியம்மாள் வாங்கிப் பாடினார். கூட்டம் முழுக்க “செல்லம்மா!” என்றது. கங்காணி மறுபடி கான்ஸ்டபிளைப் பார்த்தான். காகிதத்தில் மாடத்தியின் பெயர் இல்லையே!

மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா என்ற வார்த்தை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. மலைக்காற்றுப் பிரதேசம் என்று நான் ஒரு டப்பா கொயினா மாத்திரை கைப்பையில் வைத்திருந்தேன், ரோசம்மாளிடமும் ஒரு டப்பா. நாங்கள் இருவரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். “காய்ச்சல் வந்தால் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வெறும் வயிற்றில் கூடாது. பிள்ளை உண்டானவர்கள் தொடக்கூடாது” என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லி, சேலை நுனியிலும் துண்டு நுனியிலும் முடிந்துகொடுத்தோம். கங்காணி முறைத்தான். வெள்ளை உடுப்பு இல்லாவிட்டாலும், பதினோரு வருஷம் வார்டில் வேலை பார்த்தவளுக்கு முறைக்கத் தெரியாதா?

முப்பது பேரில் ஏழு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தென்காசிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் பாலத்தைத் தாண்டி நடந்தார்கள். மாடத்தியும் அவர்களோடு போனாள். எல்லைக்கல்லுக்கு அருகே பேச்சியம்மாள் அவள் தலையைத் தடவினார். ரோடு திரும்பும் வரைக்கும் “செல்லம்மா” கேட்டுக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் பாலத்தைக் கடந்து பேச்சியம்மாளிடம் போனேன். கும்பிட்டேன். அவரே சிரித்தார்.

“மருந்து குடுத்தது நீயாம்மா? எந்த ஊரு?”

மதுரை என்றேன். ரிக்கார்டைப் பற்றிச் சொன்னேன்.

“அதுவா? கத்துனா ஊசி குதிக்குதுன்னு என்னப் பத்தடி தள்ளி, செவரப் பாக்க நிக்க வச்சானுவ. செவத்துக்கிட்டப் பாடுனது அது.”

எல்லாரும் திரும்பிப் போகவில்லையே என்று வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

“கீழ என்ன வச்சிருக்கு, திரும்பி வர? போறவ போகத்தான் செய்வா. எங்காத்தா ஒண்ணுந் தெரியாமப் போனா. இவ தெரிஞ்சு போறா.” ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார். “எனக்கு இன்னைக்கு நல்லாப் பசிக்கி. சாப்பிட்டியளா?”

சவுக்கைக்குப் பக்கத்துக் கடையில் நாங்கள் மூன்று பேரும் மைதீனும் வேகவைத்த மரச்சீனிக்கிழங்கும் பால் விடாத கட்டன் சாயாவும் சாப்பிட்டோம். ஆளுக்கு ஒன்றரையணா. ரோசம்மாள் வாய் ஓயாமல் பேச்சியம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு இடமே கிடைக்கவில்லை. திங்கட்கிழமை மதுரைக்குத் திரும்பினோம்.

போக நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் விவரம். ஆனி, ஆடி இரண்டு மாதமும் தண்ணீர் நன்றாக விழும். இரண்டு பேருக்கு நாலு நாளைக்குப் பதினாறு ரூபாய் போதும். துணி காயாது, ஆகவே மாற்றுச் சேலை மூன்று வேண்டும். ஜட்காவில் ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள். எல்லை தாண்டினால் சவுக்கையில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள், புகையிலை கொண்டுபோகாதீர்கள்.

பேச்சியம்மாளைக் கேட்க விரும்பினால் நோட்டீசை நம்பிப் போகாதீர்கள், நேரமும் இடமும் அதில் இருக்கிறபடி நடப்பதில்லை. தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, இப்போது எந்த ஊரில் அவர் பாடக்கூடாது என்று உத்தரவு என விசாரியுங்கள். அந்த ஊரின் எல்லைக்குப் போய், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டு உட்காருங்கள். சீக்கிரம் போனால் முன்வரிசை கிடைக்கும்.